இலவச மானும் கட்டணக் குரங்கும்: கோலாலம்பூர் ஏரிப் பூங்காவில் பார்வை நேரம் குறித்து ஒரு முன்னாய்வு

மனிதன் ஒரு விலங்கை எவ்வளவு நேரம் பார்ப்பான் என்ற கேள்விக்கு விலங்கியலில் இதுவரை உரிய இடம் கிடைக்கவில்லை. விலங்கியலார் விலங்கையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார்கள். அது அவர்கள் தொழில், குறை சொல்வதற்கில்லை. விடுபட்ட மறுபாதியை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. ஆய்வுக் களம், பெர்டானா தாவரவியல் பூங்கா. மூத்தவர்கள் வாயில் இன்றைக்கும் அது லேக் கார்டன். ஆய்வு மாதிரி, பள்ளி விடுமுறையில் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ஏறி வரும் குடும்பங்களும், பிரிக்பீல்ட்ஸிலிருந்து அருங்காட்சியகப் பக்கமாக நடந்தே வந்துவிடும் குடும்பங்களும். கூடவே கள நெறியாளராக, சாப்பாட்டுக் கூடைக்குப் பொறுப்பான ஒரு கிள்ளான் பெரியம்மா.

வரலாற்றுப் பின்புலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1888-ல் இங்கே பூங்கா வைக்கலாம் என்று யோசனை சொன்னவர் ஆல்பிரட் வென்னிங், சிலாங்கூர் மாநிலப் பொருளாளர். தலையாட்டியவர் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் பிராங்க் ஸ்வெட்டன்ஹாம். ஏரிக்கு ஸ்வெட்டன்ஹாமின் மனைவி சிட்னியின் பெயர் வைக்கப்பட்டது. கஜானாவைக் கட்டிக் காத்த ஒருவர் கண்ட கனவு இது என்பதை மட்டும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சுமார் 90 ஹெக்டர் பூங்காவுக்குள் இரண்டு பொருளாதாரங்கள் அருகருகே நடக்கின்றன. 1991-ல் திறந்த பறவைப் பூங்காவுக்கு டிக்கெட் உண்டு. மான் பூங்காவுக்கு இல்லை. சோதனைக்கூடத்தில் காசு கொட்டி அமைத்தாலும் இப்படி ஒரு ஒப்பீட்டு வசதி வாய்க்காது.

நமது கருதுகோள் இதுதான்: பார்வை நேரம், பார்ப்பவர் கையை விட்டுப் போன காசுக்கு நேர் விகிதத்தில் இருக்கும். விலங்கின் அழகு, அரிய தன்மை, கால்களின் எண்ணிக்கை ஆகியவை இதில் குறுக்கிடுவதில்லை.

முதல் சான்று கஞ்சில். மான் பூங்காவின் இந்தக் குட்டிப் பிராணி தமிழ்நாட்டுச் சருகுமானுக்கு உறவு. எடை ஏறக்குறைய இரண்டு கிலோ. கொம்பு கிடையாது, ஆணுக்கு மேல்தாடையில் இரண்டு கோரைப்பற்கள் நீண்டு நிற்கும். மலாக்காவை நிறுவிய பரமேஸ்வராவின் வேட்டை நாயை ஆற்றில் உதைத்துத் தள்ளி, அந்த நகரம் உருவாகக் காரணமானது என்று கதை. அதனால் மலாக்கா மாநிலச் சின்னத்திலும் இடம். 1994-ல் பெரோடுவா நிறுவனம் தன் முதல் காடிக்கு இதன் பெயரையே வைத்தது. இவ்வளவு புகழுடைய உயிரினத்தின் முன்னால் பதிவான முழு உரையாடல் வருமாறு:

"அப்பா, இதான் கஞ்சிலா?"

"ஆமாய்யா. நம்ம பழைய காடி."

"சின்னதா இருக்கே."

"காடியும் சின்னதுதான். வா, போவோம்."

எதிர்ச் சான்றுக்கு உலு கிள்ளான் செல்ல வேண்டும். 1963 நவம்பர் 14-ல் அப்போதைய பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் திறந்து வைத்த தேசிய விலங்குக் காட்சிசாலையில், 2014 முதல் 2025 வரை சீனாவிலிருந்து இரவல் வந்த பாண்டா ஜோடி ஒன்று குடியிருந்தது. இரவலுக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் அமெரிக்க டாலர். மக்கள் வரிசையில் நின்று பார்த்தது பெரும்பாலும் பாண்டாவின் முதுகைத்தான், ஏனென்றால் அது தூங்கிக்கொண்டிருந்தது. "தூங்குது, சத்தம் போடாத" என்று பிரசவ வார்டில் பேசுவதுபோல் பேசினார்கள். அதே குடும்பங்கள் லேக் கார்டனில் படுத்திருந்த மானைப் பார்த்துச் சொன்னது: "சுத்த சோம்பேறி மானா இருக்கே."

இந்த விதியை மேலும் உறுதி செய்பவை மஞ்சள் மூக்கு நாரைகள். காட்சிசாலையில் கூரையில்லாமல் விடப்பட்டவை பறந்து போய்க் கிள்ளான் பள்ளத்தாக்கின் ஏரிகளில் மேய்கின்றன. உள்ளே இருந்தபோது புகைப்படத்துக்கு நின்ற பறவை, டிக்கெட் எல்லையைத் தாண்டிய மறுநிமிடம் வெறும் கொக்கு. அலகு மாறவில்லை, கால் மாறவில்லை; பார்க்க வந்தவர் பர்ஸ் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

இங்கே ஒரு சிக்கல். லேக் கார்டனில் மிக அதிக நேரம் பார்க்கப்படும் உயிரினம் கூண்டில் இல்லாதது, யாரும் கொண்டுவந்து விடாதது, டிக்கெட்டும் இல்லாதது: நீள்வால் குரங்கு. நம் விதிப்படி அதை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கக் கூடாது. ஆனால் குடும்பமே எழுந்து நின்று பார்க்கிறது. கருதுகோள் பொய்த்ததோ என்று ஆய்வாளர் தடுமாறிய வேளையில், தெளிவு பெரியம்மாவின் கூடையிலிருந்து கிடைத்தது.

பாய் விரித்தாகிவிட்டது. நாசி லெமாக் பொட்டலங்கள், பருப்பு வடை, ஒரு பொட்டலம் கச்சாங் பூத்தே, ஓரமாக முடிச்சுப் போட்டு ஸ்ட்ரோ செருகிய மைலோ ஐஸ் பைகள். மரத்திலிருந்து இறங்கிய பெண் குரங்கு, வயிற்றில் குட்டி தொங்க, அவசரமே இல்லாமல் நடந்து வந்தது. வடையைப் பார்த்தது, எடுக்கவில்லை. மைலோ பையைத் தூக்கியது. முடிச்சையும் ஸ்ட்ரோவையும் அது ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. பையைத் தலைக்கு மேல் பிடித்து, கீழ் மூலையைப் பல்லால் துளைத்து, ஒழுகிய மைலோவை நேராக வாயில் வாங்கிக்கொண்டது. ஒரு சொட்டு குட்டியின் தலையில் விழுந்தது. அதையும் நக்கித் துடைத்தது. நம் பிள்ளைகள் ஒருவராவது சட்டையில் சிந்தாமல் குடித்ததாகப் பதிவு இல்லை. ஐஸ் கட்டி மட்டும் மிஞ்சியதும் பை புல்லில் வீசப்பட்டது. இந்த ஒரு விஷயத்தில் இரண்டு இனத்துக்கும் வேறுபாடு காண முடியவில்லை.

ஆக, குரங்கு இலவசக் காட்சி அல்ல. பூங்காவில் தன் கட்டணத்தைத் தானே வசூலிக்கும் ஒரே விலங்கு அது. விதி காப்பாற்றப்பட்டது. பாலித் தீவின் உலுவாத்து கோயில் குரங்குகள் இதில் இன்னும் ஒரு படி மேல்: கண்ணாடி, கைப்பேசி ஆகியவற்றைப் பறித்துக்கொண்டு, உணவு கொடுத்தால்தான் திருப்பித் தரும். முதிர்ந்த குரங்குகள் மதிப்புள்ள பொருளாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கின்றன என்று 2021-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வென்னிங்குக்கு இப்படி ஒரு வசூல் அதிகாரி அமைந்திருந்தால் பூங்கா வரலாறே வேறு. சிங்கப்பூரில் 2020 முதல் காட்டு விலங்குக்கு உணவு கொடுப்பதே குற்றம் என்பதால் அங்கே இந்த ஆய்வுக்கு வழியில்லை. குரங்குகளுக்கு அதுதான் நல்லது என்பது என் தனிக் கருத்து. ஆய்வுக்கு அதில் தொடர்பில்லை.

நீள்வால் குரங்கை அருகிவரும் இனம் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2022-ல் பட்டியலிட்டது. காட்டை இழந்தும் பிடித்து விற்கப்பட்டும் அவை குறைந்து வருவது உண்மை. மைலோவை இழந்தவர்களிடம் இதை எடுத்துச் சொன்னபோது நம்ப மறுத்துவிட்டார்கள்.

கடைசியாக, நெறியாளரின் ஆட்சேபம். முதலாவது, எதுவுமே இலவசம் இல்லையாம்: கொமுட்டர் டிக்கெட், சாப்பாடு, சின்னவன் அழுது வாங்கிய பலூன் என்று அவர் வெள்ளி வெள்ளியாகக் கணக்குப் போட்டுக் காட்டினார். இரண்டாவதுதான் ஆய்வையே ஆட்டிவைத்தது. பத்துமலையில் 272 படி ஏறும்போது, இதே இனக் குரங்கு அவர் அர்ச்சனைத் தட்டிலிருந்து வாழைப்பழத்தைச் சீப்போடு தூக்கிக்கொண்டு ஓடியது. அப்போது அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு "ஆஞ்சநேயர் வந்து வாங்கிட்டுப் போயிட்டார்" என்றார். லேக் கார்டனில் மைலோ போனபோது அவர் சொன்னதை அச்சில் ஏற்ற முடியாது. இந்த முரணைப் பணிவுடன் சுட்டிக்காட்டிய ஆய்வாளரிடம் அவர் கேட்டது: "அங்க நான் கொடுக்கத்தானேடா எடுத்துட்டுப் போனேன்?"