மானியக் குழுவுக்கு ஒரு கௌரவ விரிவுரையாளரின் விண்ணப்பம்

அனுப்புநர்: கௌரவ விரிவுரையாளர், வேதியியல் துறை, அரசு கலைக் கல்லூரி ஒன்று. (ஊர் பெயரைச் சொன்னால் அடுத்த ஆண்டு பணி நீட்டிப்பு வராது.)

பெறுநர்: தலைவர், பல்கலைக்கழக மானியக் குழு, பகதூர் ஷா ஜாஃபர் சாலை, புது தில்லி.

பொருள்: மானியம் தவிர மற்ற அனைத்தும் கிடைக்கப் பெற்றமைக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் சுற்றறிக்கைகள், பல தேதியிட்டவை.

மதிப்பிற்குரிய ஐயா,

செல்ஃபி பாயிண்ட் பற்றிய கடிதத்திலிருந்தே தொடங்குகிறேன். 2023 டிசம்பரில் வந்தது. நாட்டின் சாதனைகளைப் பின்னணியாக வைத்து, மாணவர்கள் நின்று படமெடுத்துக்கொள்ள வளாகத்தில் ஓர் இடம் அமைக்கச் சொன்னீர்கள். மாதிரி வடிவங்களும் கொடுத்தீர்கள். அவற்றில் பிரதமரின் படமும் இருந்தது. எங்கள் குறையைச் சரியாகப் பிடித்துவிட்டீர்கள். எங்கள் ஆய்வகத்தில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுவதில்லை. அமிலப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வரும் பிள்ளைகளுக்குச் சிரிக்க ஓர் இடம் வேண்டும்தானே.

அதற்கு முன்பு, 2021 ஜூனில், இலவசத் தடுப்பூசிக்காகப் பிரதமருக்கு நன்றி சொல்லி பேனர் வைக்கச் சொன்னீர்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் வந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒன்றிய அரசின் ராஷ்ட்ரிய காமதேனு ஆயோக் நடத்தவிருந்த பசு அறிவியல் தேர்வை எழுத மாணவர்களை ஊக்குவிக்கும்படி துணைவேந்தர்களுக்குக் கடிதம் போட்டீர்கள். நாட்டுப் பசுவின் பால் மஞ்சளாக இருப்பதற்குக் காரணம் அதிலுள்ள தங்கம் என்று அந்த ஆயோக்கின் பாடக் குறிப்பு சொன்னது. நான் வேதியியல்காரன் என்பதையே மறந்து மகிழ்ந்துபோனேன். ஆய்வகக் கருவிகளுக்கு இனி யாரிடமும் கையேந்த வேண்டாம், இரண்டு மாடு கட்டினால் போதும். கறப்பதற்குக் கௌரவ விரிவுரையாளர்கள் இருக்கிறோம். கடைசியில் தேர்வு நடக்காமலே போனதில் நாட்டுக்கு எத்தனை சவரன் நட்டமோ!

கறப்பது என்றதும் சம்பள நினைவு வருகிறது. தாங்கள் ஒரு நல்ல காரியமும் செய்தீர்கள், மறுக்க மாட்டேன். வகுப்பு ஒன்றுக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 வரை கொடுக்கலாம் என்று 2019 ஜனவரியில் அறிவித்தீர்கள். அது தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளுக்கு வந்து சேரும்போது 25,000 ஆகியிருந்தது. அதுவும் ஆண்டுக்கு 11 மாதம். மே மாதத்தில் எங்களுக்குப் பசிக்காது என்று கோட்டையில் யாரோ ஆராய்ந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்த ஆய்வு, தாங்கள் ஏற்ற ஆய்விதழ்களின் கேர் பட்டியலில் இருந்த எந்த இதழிலும் வந்ததாகத் தெரியவில்லை. அந்தப் பட்டியலையும்தான் 2025இல் கைவிட்டுவிட்டீர்களே. சம்பளத்தைக் குறைத்ததற்காக எந்த அரசையும் தாங்கள் அதட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை. மாநில உரிமை என்று முழங்கும் எங்கள் அரசும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் தில்லியோடு சண்டைக்குப் போவதில்லை.

மற்றபடி அதட்டலுக்குத் தங்களிடம் பஞ்சமில்லை. 2025 ஜனவரியில் தாங்கள் வெளியிட்ட வரைவின்படி, விதிகளை மீறும் பல்கலைக்கழகம் பட்டப்படிப்பே நடத்த முடியாமல் போகலாம். அதே வரைவில், துணைவேந்தரைத் தேடும் மூவரில் ஒருவர் வேந்தரின் ஆள், ஒருவர் தங்கள் ஆள், ஒருவர் பல்கலைக்கழகத்தின் ஆள். பணம் போடும் மாநில அரசுக்கு நாற்காலி கிடையாது. தொழில்துறையில் பத்தாண்டு உயர்பதவி வகித்தவரும் துணைவேந்தராகலாம். பஞ்சாலையில் ஷிப்டு போட்டுப் பழகியவருக்குத்தான் செமஸ்டர் தேர்வு நடத்தும் சூட்சுமம் பிடிபடும் போலிருக்கிறது. இதை எதிர்த்து எங்கள் சட்டமன்றம் ஜனவரி 9 அன்று தீர்மானம் போட்டது. ஒப்பந்த ஆசிரியர்கள் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று 2018 விதிகளில் இருந்த வரம்பு அந்த வரைவில் காணாமல் போனதைப் பற்றித்தான் பெரிதாகச் சத்தம் எழவில்லை.

சென்னைப் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 1857இல் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்தவரைத் தேடும் குழுவில் மானியக் குழுவின் ஆள் வேண்டும் என்று வேந்தரான ஆளுநரும், வேண்டாம் என்று அரசும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். நாற்காலி காலியாகவே கிடக்க, 2024 பிப்ரவரியில் வருமானவரித் துறை 424 கோடி ரூபாய் பாக்கி என்று வங்கிக் கணக்குகளை முடக்கியது. அரசு தரும் பணம் பாதிக்கும் கீழே போய்விட்டதால் வரிவிலக்கு இல்லை என்பது அவர்கள் வாதம். கொடுப்பவர் குறைத்துக் கொடுத்தால் வாங்குபவர் வரி கட்ட வேண்டும்! இந்தக் கணக்கை நான் எந்த வகுப்பிலும் நடத்தியதில்லை.

ஆகவே என் கோரிக்கை சிறியது. ஆசிரியரை மட்டும் ஒப்பந்தத்தில் வைப்பது பாரபட்சம். துணைவேந்தரையும் கௌரவத் துணைவேந்தராக நியமியுங்கள்: மாதம் 25,000 ரூபாய், 11 மாதம். பிறகு அந்த நாற்காலிக்கு ஆளுநரும் அடித்துக்கொள்ள மாட்டார், அரசும் அடித்துக்கொள்ளாது. உச்ச நீதிமன்றத்துக்கும் ஒரு வழக்கு மிச்சம். மானியக் குழு உறுப்பினர்களுக்கும் அதே முறைதான். கூட்டம் ஒன்றுக்கு 1,500 ரூபாய், மே மாதம் கிடையாது. ஓர் ஆண்டு அப்படி வாழ்ந்து பார்த்துவிட்டு அடுத்த சுற்றறிக்கையை அனுப்பும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கௌரவ விரிவுரையாளர்

நகல்: உயர்கல்வித் துறைச் செயலாளர், தலைமைச் செயலகம், சென்னை. (மே மாதத்தில் நான் பணியில் இல்லை. பதிலை ஜூனில் அனுப்பவும்.)