பழுவூர் இளையராணியின் மூடுபல்லக்கு

‘பொன்னியின் செல்வன்’ படித்துவிட்டு எங்கள் கீழப்பழுவூருக்கு வருகிறவர்கள் பழுவேட்டரையரின் பனைமரக் கொடியைத் தேடுவார்கள். கண்ணில் படுவது சிமென்ட் லாரிகளும் அவை கிளப்பும் புழுதியும்தான். ஆனால் இளையராணி மட்டும் இருக்கிறாள், எங்கள் வீட்டுப் பரண்மேல்.

கறுப்பு வெள்ளைப் பெட்டைப் பூனை. நடையைப் பார்த்து நாவலின் இளையராணி ‘நந்தினி’யின் பெயரை வைத்தது என் மகள். யார் வீட்டுப் பூனை என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்த வீட்டைக் கைகாட்டுவார்கள். பால் சட்டியை உருட்டினால் ‘உங்க பூனை’, எலி பிடித்தால் ‘நம்ம பூனை’.

குட்டி போட்ட பூனை ஏழு வீடு மாறும் என்பார்கள். எங்கள் தெருவில் ஆறு வீடுதான். ஏழாவதுக்கு எங்கள் பரணுக்கே திரும்பிவிட்டாள். நாலு குட்டிகளையும் டீக்கடை, மளிகைக் கடை என்று தள்ளிவிட்டு மூச்சு விடுவதற்குள் மறுபடி வயிறு தெரிந்தது. பூனைக்குச் சினைக்காலம் ஏறக்குறைய இரண்டே மாதம். தீபாவளிக்குப் பிறந்த குட்டி சித்திரையில் சினையாகிவிடலாம்.

இதற்கு ஊரில் காலங்காலமாக ஒரே வைத்தியம், சாக்கு. பிடி, கட்டு, வேறு ஊரில் அவிழ்த்துவிடு. அப்பாயி வழிமுறையும் சொன்னார்: “வழி தெரிஞ்சா திரும்பிரும்டா. சாக்கை மூணு சுத்து சுத்திட்டுக் கொண்டுபோ.” சுற்றியதில் எனக்குத்தான் தலை சுற்றியது. மேலப்பழுவூரில் விட்டேன். மறுநாள் விடிகாலை ராணி வாசற்படியில் உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

“ஆறு தாண்டிட்டா வராது” என்றார் அப்பாயி.

டிவிஎஸ் ஃபிஃப்டியில் சாக்கு மூடுபல்லக்கை ஏற்றிக்கொண்டு திருமானூர் தாண்டிக் கொள்ளிடம் பாலத்துக்குப் போனேன். எதிரே திருவையாற்றுப் பக்கமிருந்து ஒருவர் அதே மாதிரி வண்டியில் வந்தார். அவர் காலடியிலும் ஒரு சாக்கு. அதுவும் நெளிந்தது. இரண்டு பேரும் வண்டியை நிறுத்தினோம்.

“பெட்டையாண்ணே?”

“ஆமா. உங்களுது?”

“பெட்டைதான். மூணாவது தடவை.”

அவர் என்னை உற்றுப் பார்த்தார். “போன மாசம் ஒரு செவலைக் கடுவனைக் கொண்டாந்து உங்க பக்கம் விட்டேன். பாத்தீங்களா?”

பார்த்தேனாவது! நந்தினியின் வயிற்றுக்குக் காரணமே அந்தச் செவலைதான். ஆக நாங்கள் இரண்டு ஊர்க்காரரும் பூனையை ஒழிக்கவே இல்லை. பெட்ரோல் செலவு செய்து சம்பந்தம் செய்துகொண்டிருந்தோம்.

இதைக் கேட்டு, சிங்கப்பூரில் இருக்கும் என் மச்சான் போனில் சிரித்தான். அங்கே 1989 முதல் அரசு அடுக்குமாடி வீடுகளில் பூனைக்கே தடையாம். 2024 செப்டம்பரில்தான் வீட்டுக்கு இரண்டு பூனை என்று அனுமதித்தார்கள். அதற்கும் உரிமம், உடம்பில் மைக்ரோசிப். நம் ஊர் ஆதார் மாதிரி. “நீ செய்யறது சட்டப்படி குத்தம் மாமா” என்றும் சொன்னான். உண்மைதான். பட்டினி கிடக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது வரை. கொள்ளிடம் போய்வரும் பெட்ரோலுக்கே அதைவிட அதிகம்.

கடைசியில் மாட்டாஸ்பத்திரிக்குத்தான் போனேன். ஒரு கன்றுக்கும் சினை ஆட்டுக்கும் நடுவே ராணி காத்திருந்தாள். கருத்தடை முடித்து, அடையாளத்துக்கு இடது காது நுனியைக் கொஞ்சம் வெட்டிவிட்டார் டாக்டர். “இருந்த இடத்துலயே விடுங்க. இடம் காலியானா வேற பூனை வந்து உக்காந்துக்கும்” என்றார்.

வீட்டில் சாக்கை அவிழ்த்ததும் அப்பாயி தலையிலடித்துக்கொண்டார். “காசும் குடுத்துட்டுத் திரும்பக் கொண்டாந்திருக்கான் பாரு!”

அன்று ராத்திரி பாலத்துக்காரர் போன் செய்தார்.

“சம்பந்தி, அந்த டாக்டர் கடுவனுக்கும் பண்ணுவாரா?”