நாலு கண்ணும் ஒரு கூரையும்

வாடா பேராண்டி, வா. இன்னா, வூட்டச் சுத்தி நாலு மூலையிலயும் கேமரா மாட்டிட்டியாமே! திண்டிவனத்துலேர்ந்து பையன் வந்து, காலையில ஏணியப் போட்டவன் பொழுது சாயறவரைக்கும் ஒயர் இழுத்தான்னு உங்க பாட்டி சொன்னா. போன மாசம் களத்துல காயவச்ச மல்லாட்டையில ரெண்டு மூட்டை காணாமப் போச்சி. அதுக்கு நீ பதினஞ்சாயிரத்துக்குக் கண்ணு வாங்கியிருக்க. அந்த ரெண்டு மூட்டையையும் மார்க்கெட் கமிட்டியில போட்டா இன்னா வந்திருக்கும்னு நான் கேக்கல. கேட்டா கெழவனுக்கு டெக்னாலஜி தெரியாதும்ப.

எனக்கா தெரியாது? 2016 ஆகஸ்ட் 8 ராத்திரி சேலத்துலேர்ந்து எழும்பூருக்கு ஒரு ரயிலு கெளம்புச்சே, ஞாபகம் இருக்கா? ரிசர்வ் பேங்குக்குப் போற பழைய நோட்டு, 342 கோடி. பொட்டி பொட்டியா அடுக்கி, பூட்டி, சீல் வச்சி, பக்கத்துப் பொட்டியில துப்பாக்கியோட போலீசு. எழும்பூர் போயித் தொறந்து பாத்தா, மேல வானம் தெரியுது! கூரையில ஆள் எறங்கற அளவுக்கு ஓட்டை. 5.78 கோடி போச்சி.

அந்த வண்டி நம்ம விழுப்புரம் ஜங்ஷன் வழியா, இதே திண்டிவனத்தத் தாண்டித்தான்டா போயிருக்கு. ஓட்டையோட போயிருக்கு. நான் திண்ணையில படுத்துக்கினு தடதடன்னு சத்தம் கேட்டிருப்பேன். ஓட்டைக்குன்னு தனியா சத்தமா கேக்கும்?

இதுல அழகு எங்க தெரியுமா? சேலத்துலேர்ந்து விருத்தாசலம் வரைக்கும் அப்போ டீசல் எஞ்சின். தலைக்கு மேல கரண்டு கம்பி கெடையாது. விருத்தாசலம் தாண்டிட்டா 25,000 வோல்ட்டு, கூரையில ஏறினவன் கரிக்கட்டை. சின்னசேலத்துக்கும் விருத்தாசலத்துக்கும் நடுவுல வேலைய முடிச்சி, நோட்டுக்கட்ட லுங்கியில மூட்டை கட்டி எறக்கிட்டாங்கன்னு சிபிசிஐடி பின்னால சொன்னாங்க. பூட்டு, சீலு, துப்பாக்கி, எதையும் அவன் சட்டை பண்ணல. வண்டி இழுக்கறதுக்குன்னு கட்டின கம்பிக்குத்தான் பயந்தான். அந்தக் கம்பி எங்க ஆரம்பிக்குதுன்னு மட்டும் நல்லாப் படிச்சி வச்சிருந்தான். படிப்புன்னா அது படிப்பு! நீயும் மூணு வருசம் காலேஜிக்குப் போன.

"புடிச்சிட்டாங்களே தாத்தா"ன்னு வாயத் தொறக்காத. புடிச்சாங்க. செல்போன் டவர அலசினாங்க, அமெரிக்காக்காரன் நாசாகிட்ட செயற்கைக்கோள் படம் வாங்கினாங்கன்னு பேப்பர்ல வந்துச்சி. மத்தியப் பிரதேசத்துக் கும்பல்னு துப்புக் கெடச்சி, 2018 அக்டோபர்ல கையில வெலங்கு மாட்டினாங்க. நான் கொறை சொல்லல, கெட்டிக்கார வேலைதான். ஆனா மேலேர்ந்து பாத்துக்கினு இருந்த சாட்டிலைட்டு, "டேய், எறங்குடா கீழ"ன்னு ஒரு கொரல் குடுத்துச்சா? இதுல இன்னொரு கூத்து. திருடி சரியா மூணாம் மாசம், நவம்பர் 8, ஐநூறும் ஆயிரமும் செல்லாதுன்னு டிவியில சொல்லிட்டாங்க. செலவு பண்ணது போக மிச்சம் வெறும் காயிதம். இப்ப சொல்லு, அந்தத் திருடனுங்களுக்குப் பெரிய தண்டனை குடுத்தது யாரு, நாசாவா, டிவிப் பொட்டியா?

சிரிக்காத. சிரிக்க முடியாததும் ஒண்ணு இருக்கு. மரக்காணத்தாண்ட எக்கியார்குப்பம், 2023 மே. சாராயம்னு மெத்தனாலக் குடிச்சிட்டு அந்தப் பக்கம் மட்டும் பதினாலு பேரு போயிட்டாங்க. அதுக்கும் நல்ல சரக்குக்கும் கண்ணால பாத்தா வித்தியாசம் தெரியாதாம். ஒடம்புக்குள்ள போயி ஆசிடா மாறி மொதல்ல கண்ணப் பிடுங்குமாம். விழுப்புரத்துலயே தடய அறிவியல் லேப் இருக்குடா. பாட்டில்ல இருந்தது இன்னான்னு அது புட்டுப்புட்டு வைக்கும். ஆனா எவன் விக்கறான்னு ஊர்ல யாருக்குத் தெரியாம இருந்துச்சி? குடிக்கறவனுக்குத் தெரியும், அவன் பொண்டாட்டிக்குத் தெரியும், பள்ளிக்கூடத்துப் புள்ளைக்குத் தெரியும். தெரிஞ்சதச் சொன்னா கேக்கறதுக்கு ஒரு காது வேணும். அந்த மிஷினு எந்தக் கடையில கெடைக்குதுன்னு உன் செல்போன்ல தேடிப் பாரு. அடுத்த வருசமே கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல அறுபதுக்கு மேல போயிட்டாங்க. அதயும் லேப்புதான் மெத்தனால்னு சொல்லுச்சி.

சரி வுடு. எங்க, உன் கேமராவக் காட்டு. நேத்து ராத்திரி எடுத்ததப் போடு. ம்... இது இன்னாடா வெள்ளையா, வலை மாரி? சிலந்தியா? கேமரா வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். பதினஞ்சாயிரம் ரூபாய்க்குச் சிலந்திக்கு வூடு கட்டிக் குடுத்திருக்க, புண்ணியம்தான். தெனம் தொடப்பத்தால தட்டணும், அதுக்கொரு ஆளு போடு. அந்த ஆளப் பாத்துக்க இன்னொரு கேமரா போடு.

நாலும் தரையப் பாத்துத்தான இருக்கு? மாட்டின ஒயரம் ஏழடி இருக்குமா? நல்லது, நல்லது. வாசல்ல கோழி போனாக்கூடத் தெரியும்.

கோச்சிக்கினு எழுந்திரிக்காதடா, ஒண்ணே ஒண்ணு. அந்தப் பையன் ஏணியப் பின்பக்கம் மாடிச் செவுத்துல சாத்திட்டுப் போயி இன்னியோட மூணு நாளு ஆவுது. எப்ப வந்து எடுத்துக்கினு போறானாம்?