முகமூடிக்குப் பின்னே

சூப்பர்மேனையே ஓர் ஆணைக் காதலிக்க வைத்துவிட்டார்களாமே?
வாசகர், அம்பத்தூர்

அப்பா சூப்பர்மேன் இன்னும் லோயிஸ் லேனின் கணவர்தான். 2021-ல் ஜே நகாமுரா என்ற இளைஞனை முத்தமிட்டவர் மகன் ஜான் கென்ட். வேற்றுக் கிரகத்துக்காரர் பூமியில் பெண்ணெடுத்ததை மறுபேச்சின்றி ஏற்ற நாம், பையனுக்கு மட்டும் ஏன் ஜாதகம் பார்க்க வேண்டும்?

முத்து காமிக்ஸ் காலத்திலிருந்து படிக்கிறேன். புதிதாக ஒரு நாயகனைப் படைக்கட்டுமே, பழையவர்களை ஏன் மாற்ற வேண்டும்?
வாசகர், ஆவடி

பழையவர்கள் வாய் திறக்கவே அனுமதி இல்லையே! 1954-ல் அமெரிக்க காமிக்ஸ் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட தணிக்கை விதி, ஒருபால் காதலை 1989 வரை பக்கத்தில் அண்டவிடவில்லை. மார்வெலின் நார்த்ஸ்டார் அறிமுகமானது 1979-ல். படைத்தவர்களில் ஒருவரான ஜான் பிர்ன் அவரை ஆண்களை விரும்புபவராகத்தான் நினைத்திருந்தார். அதை நார்த்ஸ்டார் உரக்கச் சொன்னது 1992-ல். பதின்மூன்று வருடம் ஒருவரை மென்று விழுங்க வைத்துவிட்டு, திடீரென்று மாறிவிட்டாயே என்று கேட்பது நியாயமில்லை.

ஒருவரை அப்படியெல்லாம் மாற்றிவிட முடியுமா சார்?
வாசகி, பூந்தமல்லி

முடியாது. மாற்ற முயலவே கூடாது என்று 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அந்த வழக்கில் மாறியவர் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ்! ஒருபால் காதல் பற்றித் தனக்குப் போதிய தெளிவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் முன் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு தீர்ப்பெழுதினார். அவருக்கு என் வணக்கம். அதைவிடப் பெரிய வணக்கம், மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து, எந்த முகமூடியும் இல்லாமல் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கேட்டு அந்த வழக்கைத் தொடுத்த, ஒருவரையொருவர் காதலித்த இரண்டு பெண்களுக்கு.