ஆவணத் திறப்புத் தாமதம்: பரபக்கமும் சுபக்கமும்

லினக்ஸ் கணினியில் ஒரு பைலைச் சொடுக்குவதற்கும் அது கண்ணெதிரே விரிவதற்கும் நடுவிலுள்ள பொழுதை இக்கட்டுரை ‘இடைக்காலம்’ என்று குறிக்கும். சோழர்களின் இடைக்காலத்துக்கு ஆராய்ச்சி நூல்கள் அலமாரி அலமாரியாக உண்டு. இந்த இடைக்காலமோ காபி குடித்துக் கழிக்கப்படுகிறது.

ஆய்வுக்களம் பெங்களூர். 2001இல் ‘லினக்ஸ் பெங்களூர்’ என்று தொடங்கி, 2005இல் ‘ஃபாஸ் டாட் இன்’ என்று பெயர் மாற்றிக்கொண்டு, 2012 வரை கட்டற்ற மென்பொருள் மாநாடு நடந்த ஊர் இது. அதுல் சிட்னிஸ் முன்னின்று நடத்திய அந்த மாநாட்டுக்கு, லினக்ஸின் கருவான கெர்னலையே எழுதுகிறவர்கள் கடல் கடந்து வந்து பேசிவிட்டுப் போனார்கள். அதே ஊரில், அல்சூரில், பெயர் சொல்ல வேண்டாத ஒரு சிறு அலுவலகத்தில் ஆண்டு மலர் பைல் திறக்க மறுத்தது. ஆய்வு அங்கே பிறந்தது.

முறையியல் நம்முடையதே. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என்று இரண்டாக வகுத்தார். முதலில் பிறர் கொள்கைகளை எடுத்துச் சொல்லி மறுத்தார்; பிறகுதான் தம் கொள்கையை நாட்டினார். கணினி பழுது பார்க்கிறவர்கள் பெரும்பாலும் பரபக்கத்தோடு கடையைச் சாத்திவிடுவதால் இம்முறையை நினைவூட்டுவது கடமையாகிறது.

முதற்கண் ரேம் மதத்தார். இவர்களுக்குத் திருத்தலம் கணினிச் சாமான் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடு. எந்த நோயைச் சொன்னாலும் “ரேம் ஹாக்கிஸிபிடி சார்” (ரேம் போட்டுக்கொள்ளுங்கள் சார்) என்பதே இவர்கள் கன்னட மறை. அலுவலகம் 4 ஜிபியை 8 ஆக்கியது; இடைக்காலம் இம்மியும் குறையவில்லை. இதற்கு மறுப்பு எளிது. முனையத்தைத் திறந்து ‘டாப்’ என்று அடித்துப் பார்த்தால், பைல் திறக்கத் தவிக்கும் நேரத்தில் அதைத் திறக்கும் லிப்ரே ஆபீஸ் செயலி சிபியு கணக்கில் பூச்சியத்தை ஒட்டிப் படுத்திருக்கும். (பட்டியலில் அதன் பெயர் இன்றும் ‘எஸ்ஆபீஸ்’தான். 1985இல் ஜெர்மனியில் மார்கோ பெரிஸ் என்ற பள்ளிக்கூடப் பையன் தொடங்கிய ஸ்டார்ரைட்டரின் வழிவந்த ஸ்டார் ஆபீஸை 1999இல் சன் நிறுவனம் வாங்கியது; ஓபன் ஆபீஸாகி, 2010இல் லிப்ரே ஆபீஸாகக் கிளை பிரிந்த பின்னும் பழைய வீட்டுப் பெயர் போகவில்லை.) வேலையே செய்யாமல் உட்கார்ந்திருப்பவருக்குப் பெரிய மேசை வாங்கிக் கொடுத்து என்ன பயன்?

அடுத்து மறுநிறுவல் மதத்தார். உபுண்டுவை அழித்து மின்ட், மின்டை அழித்து ஃபெடோரா என்று பிறவிதோறும் உடல் மாற்றுகிறவர்கள். இவர்களை எள்ளுவது எளிது. ஆனால் பல நேரம் இவர்கள் கை வைத்தால் நோய் தீர்ந்துவிடுகிறது. எது நோய் என்பது மட்டும் தெரிவதில்லை. பயனர் அமைப்புகள் கெட்டிருந்தால் அதற்கு முழுக் கணினியையும் கழுவ வேண்டியதில்லை. 2017இல் வந்த 5.3 பதிப்பு முதல் ‘சேஃப் மோடு’ இருக்கிறது. ஹெல்ப் மெனுவிலிருந்தே போகலாம். அதில் வேகமாகத் திறந்தால் குற்றவாளி பழைய அமைப்புக் கோப்புறை அல்லது நீட்சிகள். நம் நோயாளி அங்கேயும் அதே வேகத்தில்தான் முனகியது.

மூன்றாமவர் தமிழ்ப் பழி மதத்தார். தமிழ் கனமான மொழி, யூடிஎஃப்-8 யூனிகோடில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் பிடிக்கும், ஆகவே தாமதம் என்பது இவர்கள் வாதம். 3 பைட் என்பது உண்மை, முடிவு பொய். 1,330 குறளையும் தட்டச்சு செய்து வைத்தால் அரை எம்பியைத் தாண்டாது. மலரில் தலைவர் பொன்னாடை போர்த்திக்கொள்ளும் ஒற்றைக் கைப்பேசிப் படம் அதைவிடப் பெரிது. வள்ளுவர் மேல் பழி போடுமுன் பொன்னாடையை எடை போட்டுப் பார்த்திருக்கலாம்.

இனிச் சுபக்கம். ‘எஸ்டிரேஸ்’ என்றொரு கருவி உண்டு. ஒரு செயலி கெர்னலிடம் கேட்பதையெல்லாம் வரி வரியாக ஒப்பிக்கும். நேரமும் சேர்த்து அச்சிடச் சொல்லி அதன் வழியே பைலைத் திறந்தோம். வரிகள் அருவியாகக் கொட்டின. பிறகு சட்டென்று நின்றன. நின்ற இடத்தில் 53ஆம் போர்ட்டுக்கு ஒரு கேள்வி போயிருந்தது. அடுத்த வரியில் 5000 மில்லி நொடிக் காத்திருப்பு. அது முடிந்ததும் மறுபடி கேள்வி, மறுபடி 5000. 53 என்பது டிஎன்எஸ், அதாவது பெயரைக் கொடுத்து முகவரி கேட்கும் வாசல்.

வார்த்தை எழுதும் மென்பொருளுக்கு வலையில் என்ன வேலை? பைலைத் திறந்ததும் லிப்ரே ஆபீஸ் பக்கத்தில் ஒரு மறைவான பூட்டுக் கோப்பை வைக்கும். இன்னார், இந்தக் கணினியிலிருந்து, இந்த நேரத்தில் திறந்திருக்கிறார் என்று அதில் எழுதும். அதற்குத் தன் கணினியின் முழுப் பெயர் வேண்டும். அலுவலகத்தில் யாரோ ஒரு தமிழார்வலர் கணினிக்கு ‘வள்ளுவன்’ என்று புதுப் பெயர் சூட்டியிருந்தார். ஹோஸ்ட்நேம் கோப்பில் மாற்றியவர், கூடவே மாற்ற வேண்டிய ஹோஸ்ட்ஸ் கோப்பை மறந்துவிட்டார். தன் பெயர் தன் வீட்டிலேயே பதிவாகாததால், அந்தக் கணினி ஒவ்வொரு முறையும் “வள்ளுவன் யார்?” என்று வெளியே கேட்டுக்கொண்டிருந்தது.

பிராட்பேண்ட் உயிரோடு இருந்தால் “அப்படி யாரும் இல்லை” என்று உடனே பதில் வரும், பைல் திறந்துவிடும். இணைப்பு படுத்துவிட்டால் பதிலே வராது. லினக்ஸின் வழக்கமான கணக்கு, ஒரு சர்வருக்கு 5 நொடி, 2 முறை. சர்வர் இரண்டு என்றால் 20 நொடி, அதுவும் ஒரே ஒரு கேள்விக்கு. மே மாத மழையில் கேபிள் அறுந்த நாள்களில் மட்டும் மலர் திறக்க மறுத்த மர்மம் இதுதான். செயலாளர் அதுவரை ஈரப்பதத்தைச் சந்தேகித்துக்கொண்டிருந்தார்.

ஹோஸ்ட்ஸ் கோப்பில் 127.0.1.1 என்று எழுதி, எதிரே ‘வள்ளுவன்’ என்று சேர்த்தோம். தீர்ந்தது. புதிய லினக்ஸ்கள் பலவற்றில் சிஸ்டம்டி இந்தக் கேள்விக்கு உள்ளேயே பதில் சொல்லிவிடும். பழைய கணினிக்கு யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

இதே அல்சூரில், ஏரிக்கரை அருகே, மெய்யான வள்ளுவர் சிலை 1991இல் திறக்கப்படவிருந்தது. கன்னட அமைப்புகள் எதிர்த்தன. திறப்பு நடந்தது 2009 ஆகஸ்ட் 9 அன்று. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. அந்தப் 18 ஆண்டில் சிலைக்கு எந்தக் குறையும் இல்லை. அதுவும் பதிலுக்குத்தான் காத்திருந்தது. ரேம் மதத்தார் கவனிக்க.

எஞ்சிய சிறு தாமதத்துக்குக் காரணமான பிரிண்டர் பற்றியும் சொல்ல வேண்டும். லிப்ரே ஆபீஸின் ஓடிடி (.odt) பைல் என்பது உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். பிரித்துப் பார்த்தால் உள்ளே செட்டிங்ஸ் என்ற கோப்பில், கடைசியாக எந்த பிரிண்டருக்கு அமைத்தோம் என்பது எழுதியிருக்கும். அலுவலகத்தின் பழைய நெட்வொர்க் பிரிண்டர் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது. கணினியின் பட்டியலில் மட்டும் சிரஞ்சீவியாக இருந்தது. அதையும் தேடிவிட்டுத்தான் பைல் விரிந்தது. செத்த பிரிண்டர்களைப் பட்டியலிலிருந்து நீக்குக. டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லோட்/சேவ், ஜெனரல் என்று போய், ஆவணத்தோடு பிரிண்டர் அமைப்பையும் ஏற்றும் குறியை எடுத்துவிடுக.

சேமிப்புத் தாமதம் வேறு சாதி. இங்கே கணினி நிஜமாகவே உழைக்கிறது. ஒரு காற்புள்ளியைத் திருத்திச் சேமித்தாலும் ஜிப் பொட்டலம் முழுவதும் மறுபடி கட்டப்படும், எல்லாப் பொன்னாடைகளோடும். வேர்டின் டாக்எக்ஸ் (.docx) என்றால் மொழிபெயர்ப்பு வேலையும் கூட. பைல் நெட்வொர்க் டிரைவில் இருந்தால் மொத்தமும் கம்பி வழியே போக வேண்டும். படங்களைச் சிறிதாக்கி, வேலை முடியும்வரை உள் வட்டில் ஓடிடியாகவே வைத்துக்கொள்வது நலம்.

ஆகவே தாமதம் கண்டவுடன் எஸ்.பி. ரோட்டுக்கு ஆட்டோ பிடிக்காமல், முதலில் ‘டாப்’ பார்க்கவும். பிறகு நெட் கேபிளைப் பிடுங்கியும் மாட்டியும் அதே பைலைத் திறந்து பார்க்கவும். இவ்வாய்வுக்கு மறுப்புரை எழுத விரும்பும் மூன்று மதத்தாரும் தாராளமாக எழுதலாம். ஓடிடியாக அனுப்புக, படம் வேண்டாம்.