பத்தாவது பூச்சி எது கண்ணு?

ஏங் கண்ணு, காலையில இருந்து தூண்டில்ல எத்தனை பூச்சி மாத்திட்டே? நான் எண்ணினவரைக்கும் ஒம்போது. சேவல் இறகு, முயல் ரோமம், பச்சை நூல், தங்க ஜரிகை... டப்பாவைத் திறந்தா ஜவுளிக்கடையாட்டம் இருக்குது. மீனுக்கென்ன சீர்வரிசையா எடுக்கறே?

1907லயே வில்சன் துரை இந்த அவலாஞ்சியில டிரவுட் மீனுக்குன்னு குஞ்சு பொரிக்கிற பண்ணை கட்டிட்டாரு. அந்த வம்சம் உன்னையாட்டம் எத்தனை பேரைப் பார்த்திருக்கும்!

பூச்சியில ஒரு குத்தமும் இல்லே. நீ வந்த வரத்துதான் சரியில்லே. மீன் ஓட்டம் வர்ற பக்கம் பார்த்துத்தான் நிக்கும். சோறு அங்கிருந்துதானே வருது? நீ மேல்பக்கமிருந்து மாப்பிள்ளை ஊர்வலமாட்டம் அது மூஞ்சிக்கு நேராவே இறங்கி வர்றே. பூட்ஸ் சத்தம் வேற. கீழ்பக்கமாப் போயி முதுகுப்பக்கத்துல இருந்து வீசு. குத்தவெச்சு வீசு. ஒளி தண்ணியில வளையறதால, கரையில நிமிந்து நிக்கிறவன் மீன் கண்ணுக்குத் தலைக்கு மேலேயே தெரிவானாம். காலேஜ்ல படிக்கிற எம் பேரன் சொன்னான். ஆனா டவுன்காரங்களுக்குக் குத்தவெக்கற பழக்கம் எப்பவோ போயிடுச்சு. அதுக்கு எந்தக் கடையில ராடு வாங்கறது?

அப்புறம், அது தலைக்கு மேலேயே ஏழு தரம் சாட்டை சுழட்டறியே, பேயா ஓட்டறே? ரெண்டு தரம் போதும். குறியும் தண்ணி மேல வெக்காதே. தண்ணிக்கு ஒரு முழம் மேல, காத்துல வை. பூச்சி தானா எறங்கும்.

சரி, ஒரு தரம் நல்லாத்தான் விழுந்துது, ஒத்துக்கறேன். பொறவு என்னாச்சு? பூச்சி கெடந்தது அக்கரையோரம், மெதுவான தண்ணியில. உன் கயிறு கெடந்தது நடு ஓட்டத்துல. ஓட்டம் கயித்தை வயிறு தள்ள வெச்சு இழுக்க, பூச்சி மோட்டார் படகாட்டம் கோடு கிழிச்சுக்கிட்டுப் போச்சு. தண்ணியில விழுந்து சாகக் கெடக்கற பூச்சி நீச்சல் போட்டியா நடத்தும்? மீன் கிட்ட வந்து பார்த்துட்டுத் திரும்பிடுச்சு. சிரிச்சுட்டுத்தான் போயிருக்கும்.

கயிறு விழுந்ததும் கம்பு நுனியை மெல்லத் தூக்கி, அந்த வயித்தை மட்டும் மேல்பக்கமாப் புரட்டிப் போடு. பூச்சி அசையக்கூடாது, தூங்கற கொழந்தைக்கு அடியில பாய் மாத்தறாப்புல. துரைங்க இதை மெண்டிங்கும்பாங்க. நுனித் தங்கூசியை இன்னும் ரெண்டு அடி நீட்டிக் கட்டு. அது சுருள் சுருளா விழட்டும். சுருள் நிமிர்ற வரைக்கும் பூச்சி தன் பாட்டுக்கு மிதக்கும். மூணு முழம் மிதந்தாலே மீனுக்கு வாய் தொறக்க நேரம் கெடைக்கும்.

பன்னெண்டு வயசுல ஒரு எஸ்டேட் துரைக்குக் கூடை சொமந்தேன். அவர் பூச்சியில இறகெல்லாம் உதுந்து நூல்தான் மிச்சம், பஞ்சத்துல அடிபட்ட கொசுவாட்டம். மனுசன் மண்டி போட்டே போவாரு, முட்டியெல்லாம் சேறு. கூடை நெறைஞ்சுரும். எனக்குக் குடுத்த கூலி மட்டும் அந்தப் பூச்சியை விட எளைச்சிருக்கும்.

அதோ, அந்தப் பாறைக்குக் கீழே வட்டம் போட்டுது பாரு. எந்திரிக்காதே. கண்ணு, எந்திரிக்காதேங்கறேன்...

போச்சு.

சரி, டப்பாவைத் தொற. பத்தாவது பூச்சி எது?