பென்சனியரின் உளி

யாழ்ப்பாணத்தில் நெல்லும் புகையிலையும் வெங்காயமும் மழையையும் விலையையும் பார்த்துத்தான் விளையும். எதையும் பாராமல் மாதாமாதம் விளைந்த ஒரே பயிர் பென்சன். அதற்கு விதை போட்டவர்கள் அமெரிக்க மிசனரிமார். 1816இல் வந்திறங்கி, 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி திறந்து, ஆத்தும அறுவடைக்குக் காத்திருந்தார்கள். எங்கள் ஆட்களில் பலர் இங்கிலீசை மட்டும் அறுத்துக் கட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்கள். பிறகு வெள்ளைக்காரன் மலாயாவில் ரயில் ஓட்டியபோது, ஸ்ரேசனுக்கு ஸ்ரேசன் ஒரு மேசையும் அதற்குப் பின்னால் ஒரு யாழ்ப்பாணத்துக் கிளாக்கரும் முளைத்தார்கள். 55 வயதில் குடையும் ட்ரங்குப் பெட்டியுமாக ஊர் திரும்பினால் 'மலாயன் பென்சனியர்'. பி.ஏ. பட்டத்தை விடக் கலியாணச் சந்தையில் விலைபோன பட்டம் அது.

அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார்? காலையில் பேப்பர், மாலையில் கோயில் நிர்வாகச் சண்டை, இடையில் வேலி வழக்கு. மரவேலை என்று கைப்படச் செய்தது ஒன்றே ஒன்றுதான். அமாவாசை இருட்டில் எல்லைக் கதியாலைப் பிடுங்கி, பக்கத்து வளவுக்குள் ஒரு சாண் தள்ளி நடுவது. லேசான கலை என்று நினைக்கக்கூடாது. பூவரசங் கதியால் விடியுமுன் வாடக்கூடாது, முட்கிளுவை கையைக் கிழிக்கக்கூடாது, அயல்வீட்டு நாய் குரைக்கக்கூடாது. வேலைப்பாட்டை மதிப்பிட இரண்டு அப்புக்காத்துமாரும் ஒரு நீதவானும் வேண்டும்.

உலகத்தில் பெரிய இடத்துப் பென்சனியர்கள் இப்படி இருக்கவில்லை. 1918இல் முடி இழந்த ஜெர்மன் கைசர், ஒல்லாந்தில் ஒதுங்கியிருந்து ஆயிரக்கணக்கில் மரம் வெட்டினார். ஐரோப்பாவை வெட்டியது போதாதென்று தோன்றியிருக்கலாம். தேர்தலில் தோற்று 1981இல் வெள்ளை மாளிகையை விட்டிறங்கிய ஜிம்மி கார்ட்டருக்கு, கூட வேலை செய்தவர்கள் காசு சேர்த்து ஜீப் வாங்கித் தர நின்றார்கள். மனிதர் தச்சு ஆயுதங்கள் கேட்டு வாங்கினார். பிறகு கட்டிலும் கதிரையுமாகச் செய்து தள்ளினார்.

எங்கள் பென்சனியருக்குக் கை வராமல் இல்லை. சாதி விடவில்லை. அவர் உளி பிடித்தார் என்று ஊரில் கதை பரவினால் மகளின் சம்பந்தம் குழம்பிவிடும். ஆகவே ஆசாரியாரைக் கூப்பிட்டு ஒரு சாய்மனைக் கதிரைக்குச் சொல்லிவிட்டு, வேலை முடியும்வரை முற்றத்தில் நின்று மேற்பார்வை செய்தார்.

"ஆசாரியார், உது சாய்வாயெல்லே போகுது?"

"சாய்மனைக் கதிரை ஐயா. நிமிர்த்தினா நீங்கள் நித்திரை கொள்ளேலாது."

அதே காலத்தில் வடமராட்சிக் கரையில், நீராவி எப்போதோ பென்சன் கொடுத்து அனுப்பிவிட்ட பாய்க்கப்பலை வல்வெட்டித்துறைக்காரர் இன்னமும் கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்படிக் கட்டிய 'அன்னபூரணி'யைக் கண்டு மயங்கியவர் வில்லியம் அல்பேர்ட் றொபின்சன். சின்னப் படகொன்றில் உலகைச் சுற்றி முடித்திருந்த அமெரிக்கர். கப்பலை வாங்கி, மனைவி பெயரைச் சூட்டி, ஊர் மாலுமிகளோடு அனுப்பிவைக்க, அது 1938இல் மாசச்சூசெற்ஸின் குளொஸ்ரர் துறைமுகத்தில் போய் நின்றது. செய்தி கேட்ட பென்சனியர் "எங்கட ஆக்கள் கட்டின கப்பல்" என்று நெஞ்சை நிமிர்த்தியிருப்பார். அந்த எங்கட ஆக்களோடு ஒரு பந்தியில் இருந்து சாப்பிட்டிருப்பாரோ என்று கேட்காதீர்கள்.

பிறகு வந்த யுத்தம் மரத்துக்குத்தான் முதலில் வந்தது. பனைகள் பங்கருக்குப் போயின. 1995 இடப்பெயர்வுக்குப் பின் திரும்பியவர்களில் பலருக்கு வீடு இருந்தது, நிலையும் கதவும் யன்னலும் நடந்து போயிருந்தன. வலிகாமம் வடக்கில் கூரை வளையும் சேர்ந்தே நடந்தது. ஊரெல்லாம் ஒரே நேரத்தில் கதவு தேட, ஆசாரியாரைப் பிடிப்பது மந்திரியைப் பிடிப்பதை விடக் கஷ்டமாகிவிட்டது. மானம் பார்த்த கை அப்போதுதான் வாளைத் தொட்டது.

இன்றைக்கு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்கூட கோடிப்புறத்தில் பட்டறை போடுகிறார். கனடாவின் ஸ்காபரோவில் கராஜுக்குள் தொடங்கிய பழக்கத்தோடு சிலர் வந்திறங்குகிறார்கள். அங்கே பனிக்குள் பார்ப்பதற்குச் சனம் இல்லை. எல்லோரும் முதலில் செய்யும் பிழை பனை. வளவில் விழுந்து கிடக்கிறது, காசும் இல்லை. ஆனால் மற்ற மரத்துக்கு வைரம் நடுவில், பனைக்கு வெளியில், நடுவே வெறும் சோறு. கறுப்பு நார் இரும்புக் கம்பி மாதிரி நெடுக ஓடும். குறுக்கே உளி வைத்தால் வெட்டாது, நார் போகும் திசையில் வழுக்கி ஓடும். வாளின் பல் மழுங்கும். சிலாம்பு நகக்கண்ணுக்குள் ஏறினால் கையெழுத்துப் போட முடியாது, பென்சனும் எடுக்க முடியாது.

எங்கள் வாத்தியார் கடைசியில் ஆசாரியாரிடம் போனார். அவர் தொழிலை விட்டுக் கனகாலம். மகன் பாரிஸிலிருந்து காசு அனுப்புகிறான்.

"பனையை விடுங்கோ மாஸ்டர். வேம்பில துவங்குவம். முதல் ஒரு மாசம் உளி தீட்ட மட்டும்."

வாத்தியார் யோசித்தார்.

"முடிவில சேர்டிபிக்கற் ஏதும் தருவியளோ?"